ராஜாத்திக்குப் போட்ட ஒன்பது

அபிதா டீச்சர் வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில் அவளிடம் இருந்தவை இரண்டு சிவப்புப் பேனாக்களும் ஊர்ப்பட்ட பிடிவாதமும்தான். பேனா பதினைந்து நாளைக்கு ஒன்று தீர்ந்தது. பிடிவாதம் தீருவதாயில்லை. அதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள் வந்து போய்விட்டன, கெட்டிக்காரப் பிள்ளைகளும் வந்து போனார்கள். ஆனாலும் அந்த முதல் வருஷத்துப் பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டு வரிசையில், ஒன்று விடாமல், இன்றைக்கும் அவளால் சொல்ல முடியும். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிடும் என்பதால் யார் முன்னாலும் சொல்வதில்லை.

அவளுக்குச் சொந்த ஊர் பெரியகுளத்துக்கு அந்தப் பக்கம் கெங்குவார்பட்டி. வேலை கிடைத்தது சுருளிப்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில். பள்ளியின் பெயரைச் சொல்லவேண்டாம், இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். கம்பத்தில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தபடி போய் இறங்குவாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல். வயது இருபத்தாறு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிலர் அவளைவிட ஒரு முழம் உயரம்.

போன முதல் வாரமே கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டாள். அதற்குள் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் நோட்டு வரவேண்டும். ஒருநாள் பிந்தினால் ஒரு மதிப்பெண் குறையும், இரண்டு நாள் பிந்தினால் இரண்டு. காய்ச்சல், கல்யாணம், திருவிழா எதற்கும் விலக்கு இல்லை. பிள்ளைகள் அவளுக்கு ‘தேதி டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் தேதி குறித்தவளால் தன் தேதியைக் காப்பாற்ற முடியவில்லை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பக்கத்து மேஜை ஜாஸ்பர் சார் நான்கே நாளில் திருத்திக் கட்டிவைத்துவிட்டு, இயற்பியலுக்கே உரிய நிம்மதியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அபிதாவுக்கு இருபத்தைந்து நாள் ஆயிற்று. அவள் மதிப்பெண் மட்டும் போடமாட்டாள். ஒவ்வொரு தாளிலும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நாலு வரி எழுதுவாள். ‘பாண்டி, இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். உன் படத்தில் கம்பம் நட்டதுபோல் நிற்கிறது.’ ‘கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு எழுது.’ இப்படி.

“என்னம்மா, பேப்பர் திருத்துறியா, ஆளுக்கு ஆள் லெட்டர் எழுதுறியா?” என்பார் ஜாஸ்பர் சார்.

ஒருவழியாகத் தாள்களை வகுப்பில் கொடுத்த அன்று, மூன்றாவது பெஞ்சிலிருந்து ராஜாத்தி எழுந்தாள். வாயாடி. அவள் எழுந்தாலே வகுப்பு சிரிப்பதற்குத் தயாராகிவிடும்.

“டீச்சர், ஒரு சந்தேகம். நாங்க ஒருநா லேட்டாக் குடுத்தா ஒரு மார்க்குக் கொறையும். நீங்க இருவது நா லேட்டாக் குடுத்தா எங்களுக்கு எத்தன மார்க்குக் கூடும்?”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அபிதா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. தன் விடைத்தாளில் டீச்சர் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். ஜோதிலட்சுமி, இவாஞ்சலின் என்று இன்னும் இரண்டு பேரும் அதே பெஞ்சு. நான்கு பேரும் ஒரே தெரு. வரும்போதும் சேர்ந்து வருவார்கள், போகும்போதும் சேர்ந்து போவார்கள். யாராவது ஒருத்தி மட்டும் அடிக்கடி லீவு. ‘வயித்துவலி டீச்சர்’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு என்ன இவ்வளவு வயிற்றுவலி என்று அபிதா ஒருநாள் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

பொங்கல் முடிந்ததும் அகமதிப்பெண் வேலை வந்தது. பொதுத்தேர்வில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண் பள்ளியிலேயே போடுவது. வகுப்புக்கு வந்ததற்கு, தேர்வு எழுதியதற்கு, நோட்டு முடித்ததற்கு என்று எல்லாம் பார்த்துப் போடவேண்டும் என்பது காகிதத்தில் உள்ள விதி.

“அந்தப் பத்து இருக்கே, அது கோயில் பொங்கல் மாதிரிம்மா” என்றார் ஜாஸ்பர் சார். “வரிசையில வந்து கைய நீட்டுனவனுக்கெல்லாம் ஒரு கரண்டி. அளவு பாக்கக்கூடாது. நான் எம்பிள்ளைகளுக்கு நேத்தே போட்டு முடிச்சுட்டேன், டீ வர்றதுக்குள்ள.”

“எல்லாருக்கும் பத்தா சார்?”

“பின்ன? பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போடுறாகல்ல. நம்ம பிள்ளைக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

அபிதாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டு, தேர்வுத்தாள், வருகை, நோட்டு என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வாரம். மாடியறையில் சோறு பொங்கவும் நேரமில்லாமல் பன் வாங்கித் தின்றுகொண்டு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினாள். விலங்கியல் செய்முறைப் படங்கள் வரைந்து, பாகம் குறித்து, விளக்கம் எழுதும் நோட்டு அது.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ராஜாத்தியின் நோட்டைத் திருத்திவிட்டு ஜோதிலட்சுமியின் நோட்டை எடுத்தாள். அதே எழுத்து. இவாஞ்சலின் நோட்டிலும் அதே எழுத்து. முன்பக்கங்கள் அவரவர் கையெழுத்தில் இருந்தன. அக்டோபருக்குப் பிறகு மூன்றும் ஒரே கை. அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடிக்கத் துப்பறியவேண்டிய அவசியமில்லை, நான்காவது நோட்டு மாரீஸ்வரியுடையது.

அபிதாவுக்குக் கோபம் என்றால் கோபம். வாயாடி ராஜாத்தியும் கூட்டாளிகளும் ஒரு சாதுப் பெண்ணை மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். எழுதிக் கொடுத்தவளும் குற்றவாளிதான் என்பது இன்னொரு முடிவு. யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நோட்டுகளின் அட்டையில் ‘பிறர் எழுத்து. ஏற்க இயலாது’ என்றும், நான்காவதில் ‘பிறருக்கு எழுதிக் கொடுத்தது தவறு’ என்றும் சிவப்பில் எழுதினாள். நான்கு பேருக்கும் பத்துக்கு ஐந்து என்று அதற்குக் கீழேயே போட்டாள். வியாழக்கிழமை மாலை பட்டியலைக் கொண்டுபோய், மதிப்பெண்களை அரசு இணையதளத்தில் ஏற்றும் கணினி ஆசிரியர் விஜய்ராஜிடம் கொடுத்தாள்.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு சைட்ட மூடிருவாக டீச்சர்” என்றார் அவர். “மூடுனப்புறம் ஒரு புள்ளிகூட மாத்த முடியாது. சரிதானா, ஏத்திரலாமா?”

“சரிதான்” என்றாள் அபிதா. முதல் தடவையாகத் தேதிக்கு ஒருநாள் முன்னாலேயே வேலையை முடித்த திருப்தியில் அன்று அறைக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை நோட்டுகள் வகுப்புக்குப் போயின. இடைவேளையில் மாரீஸ்வரி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“டீச்சர், எனக்கு அஞ்சு போட்டது இருக்கட்டும் டீச்சர். அவளுக மூணு பேருக்கு மட்டும் மாத்திப் போட்டுருங்க.”

“அவங்களுக்கு எதுக்கு நீ எழுதின? ராஜாத்தி மிரட்டினாளா?”

அழுகைக்கு நடுவில் மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவளா? அவளுக்கு வாய்தான் டீச்சர். ஒரு பூனையக்கூட வெரட்டத் தெரியாது.”

பிறகு அவள் சொன்னாள். ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் விடிவதற்குள் ஜீப்புகள் கம்பமெட்டு ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும். ஒச்சாண்டி ஓட்டும் ஜீப்பில் அந்தத் தெருவுக்குப் பன்னிரண்டு இடம். பதினோரு இடத்தில் பெரிய மனுஷிகள். பன்னிரண்டாவது இடம் இந்த நான்கு வீட்டுக்கும் பொது. ஒருநாள் காலியாக விட்டால் மறுநாள் வேறு தெரு ஆள் அதில் உட்கார்ந்துவிடும், அப்புறம் அந்த சீசனுக்கு அது கிடையாது. ஒரே பெண்ணை அனுப்பினால் அவள் படிப்பு போய்விடும். அதனால் நான்கு பெண்களும் முறை வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக்கு முறைத்தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி, இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு ஒருத்தி. போனவளுக்கு மற்றவர்கள் சாயங்காலம் பாடம் சொல்லித் தருவார்கள். வயிற்றுவலியெல்லாம் அந்த முறையின் பெயர்.

“சரி, அக்டோபருக்கு அப்புறம் நீ மட்டும் எதுக்கு எல்லாருக்கும் எழுதின?”

மாரீஸ்வரி தன் நோட்டின் அட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். காலாண்டு விடைத்தாள். கடைசிப் பக்கத்தில் அபிதாவின் சிவப்பு எழுத்து: ‘மாரீஸ்வரி, மிக நன்றாக எழுதியிருக்கிறாய். அரசுக் கல்லூரியில் உனக்கு நர்சிங் கிடைக்கும். ஆனால் இனி ஒருநாள்கூட வகுப்பைத் தவறவிடாதே.’

“ராஜாத்திதான் டீச்சர் இதப் படிச்சுட்டுச் சொன்னா. ‘டீச்சர் எழுதியே குடுத்துட்டாக. இனிமே நீ ஜீப்புக்கு வராத, ஒம் முறைய நாங்க பாத்துக்கிறோம்’னு. வாரத்துக்கு ஆறு நா, ஆளுக்கு ரெண்டு நாளாப் பிரிச்சுக்கிட்டாளுக. வந்து கை கடுக்குதுன்னு உக்காந்துருப்பாளுக டீச்சர். சும்மா வாங்கித் தின்னமாதிரி இருந்துச்சு எனக்கு. சொல்லித் தர்றதோட எழுதுறதையும் நானே எழுதிட்டேன்.”

அபிதாவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது. அவள் எழுதிய ஒற்றை வரியை ஆணைபோல் எடுத்துக்கொண்டு மூன்று பெண்கள் நான்கு மாதமாக மலையேறி இறங்கியிருக்கிறார்கள். அதற்குப் பரிசாக அவர்களுக்கு ஐந்தைப் போட்டு, அட்டையில் திருட்டுப் பட்டமும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஐந்து குறைந்தால் மாரீஸ்வரிக்கு நர்சிங் கனவு அங்கேயே முடிந்தது. ராஜாத்திக்கு முப்பத்தைந்தைத் தாண்டுவதே கண்டம், அந்த ஐந்து அவளைக் கீழே தள்ளிவிடும். மணி அப்போது பதினொன்று. மாலை ஐந்துக்குள் இதை நேராக்கியாக வேண்டும்.

கணினி அறைக்கு ஓடினாள். நல்லவேளை, விஜய்ராஜ் இன்னும் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடவில்லை. “நிறுத்துங்க சார், நாலு பேருக்கு மாத்தணும்” என்றாள். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மதிய உணவு நேரத்தில் ஜோதிலட்சுமியையும் இவாஞ்சலினையும் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு மாதிரிகளை வைத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்டாள். நோட்டில் எழுதாத கை, ஆனால் பாடம் உள்ளே இருந்தது. ஒருத்தி பத்துக்குப் பத்து சொன்னாள். இன்னொருத்தி இரண்டு இடத்தில் தடுமாறினாள், எட்டு. மாரீஸ்வரிக்குப் பத்து. ஒரு நோட்டுக்குப் பதில் நாலு நோட்டு எழுதியவளிடம் புதிதாக என்ன கேட்பது?

மிச்சம் ராஜாத்தி. வியாழனும் வெள்ளியும் அவள் முறை. மலைமேல் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப் இறங்க நாலரை ஆகும்.

“எதுக்கும்மா அலையிற?” என்றார் ஜாஸ்பர் சார். “அவளுக்கும் ஒரு பத்தப் போட்டு ஏத்தச் சொல்லு. முடிஞ்சது கத.”

“கேக்காம அஞ்சு போட்டேன் சார். இப்பக் கேக்காம பத்தும் போடவா?”

ஜாஸ்பர் சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் வண்டிச் சாவியை எடுத்தார். “ஏறு. வந்து தொலைக்கிறேன்.”

அந்த டிவிஎஸ் வண்டிப் பயணத்தை நினைத்தால் அபிதாவுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். பின்னால் உட்கார்ந்த அவள் மடியில் ஆய்வகத்துப் பிளாஸ்டர் இதயம். தோளில் தொங்கிய துணிப்பையில் டிஎன்ஏ மாதிரியும் படங்களும். வழியில் மாடு மறித்தபோது ஜாஸ்பர் சார் போட்ட பிரேக்கில் இதயத்தின் ஒரு குழாய் கழன்று அவள் சேலைக்குள் விழுந்தது. சாலை பிரியும் சுருளிப்பட்டி விலக்கில் போய் இறங்கும்போது மணி நாலு இருபது.

ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. ஒவ்வொன்றிலும் கறை படிந்த சட்டைகளைச் சேலைக்குமேல் போட்ட பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சாண்டியின் ஜீப்பை மட்டும் காணோம். நாலரை. நாலு முப்பத்தைந்து. விஜய்ராஜ் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நாலு நாற்பதுக்குப் பச்சை ஜீப் ஒன்று வளைவில் திரும்பியதும் அபிதா நடுரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் தூக்கி நின்றாள்.

ஒச்சாண்டி ஐம்பது வயது ஆள். பெரிய மீசை. தோள்பையில் காகிதச் சுருள்கள் துருத்திக்கொண்டிருக்க ஒரு பெண் மறித்து நிற்பதைப் பார்த்ததும் ஜீப்பை ஓரங்கட்டி, கும்பிட்டபடியே இறங்கினார்.

“மேடம், எல்லாம் நம்ம தெரு ஆளுகதான் மேடம். ரெண்டு பேரு கூட இருக்கும். இன்னைக்கு மட்டும் பாத்து விட்டுருங்க.”

“நான் செக்கிங் இல்லண்ணே. டீச்சர். ராஜாத்திக்குப் பரீச்சை வைக்கணும்.”

ஜீப்புக்குள் எல்லாரும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து ராஜாத்தியின் தலை எட்டிப் பார்த்தது. தலையில் துண்டு. விரல்நுனிகள் கறுத்துப்போயிருந்தன. அந்த வாயாடி அன்றைக்குத்தான் வாயடைத்து நின்றதை அபிதா முதல்முதலாகப் பார்த்தாள்.

“டீச்சர்… நான் வயித்துவலின்னு…”

“தெரியும். வயித்துவலிக்கு நல்ல ஜீப்புதான். இறங்கு, நேரமில்ல.”

“எறங்க வேணாம், அங்கனயே உக்காந்து சொல்லட்டும்” என்றார் ஒச்சாண்டி. “பரீச்ச முடியிற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக்கூடாது, ஆமா.”

அபிதா இதயத்தை ஜீப்பின் பின்கதவுப் பலகையில் வைத்தாள். கழன்ற குழாயை ஜாஸ்பர் சார் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். “அசுத்த ரத்தம் முதல்ல எங்க வந்து சேரும்?”

ராஜாத்தி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுக் காட்டினாள். “வலது ஆரிக்கிள் டீச்சர். அங்கருந்து வலது வென்ட்ரிக்கிள். அப்புறம் நுரையீரலு.”

“நுரையீரலுக்குக் கொண்டுபோறது எது?” கேட்டு முடிப்பதற்குள் ஜாஸ்பர் சார் பிடித்திருந்த குழாயையே அவள் பிடுங்கிக் காட்டினாள். பெண்கள் கைதட்டினார்கள். டிஎன்ஏவில் எதற்கு எது ஜோடி என்றாள் அபிதா, சரியாகச் சொன்னாள். மலேரியாவைப் பரப்புவது ஆண் கொசுவா பெண் கொசுவா என்றதும், ராஜாத்தி வாய் திறப்பதற்குள் முன்சீட்டுக் கிழவி ஒருத்தி, “பொம்பளதான்னு சொல்லுடி, எல்லாப் பழியும் நமக்குத்தான வரும்” என்றாள். ஜீப்பே குலுங்கியது. “அது சரிதான் டீச்சர், பொம்பளக் கொசுதான்” என்றாள் ராஜாத்தி. அவளுக்கு வாய் திரும்பியிருந்தது.

“கடைசிக் கேள்வி. ஏபி ரத்த வகைக்காரங்க யாருக்கெல்லாம் ரத்தம் குடுக்கலாம்?”

ராஜாத்தி யோசித்தாள். ஜீப் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. “எல்லாருக்கும் குடுக்கலாம் டீச்சர்.”

“தப்பு. எல்லார்கிட்டயும் வாங்கலாம். குடுக்கிறது இன்னொரு ஏபிக்கு மட்டும்தான்.”

“அட, விடுங்க டீச்சர், புள்ள விடியக்காலையில எந்திரிச்சது” என்று கூட்டத்திலிருந்து பரிந்து பேசினார்கள். “ரத்தம்னா யாருக்குக் குடுத்தா என்ன, போட்டு விடுங்க” என்றார் ஒச்சாண்டி. ஜாஸ்பர் சார்கூட அபிதாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

அபிதா போனை எடுத்தாள். “விஜய்ராஜ் சார், ராஜாத்திக்கு ஒம்பது.”

“ஒம்பதா, பத்தா?”

“ஒம்பது.”

ஜீப்பிலிருந்து ‘ஆத்தாடி’ என்று ஒரு சத்தம் எழுந்தது. மறுமுனையில் விஜய்ராஜ், “நெட்டு சுத்துது டீச்சர்… சுத்துது…” என்றார். ஜீப்பைவிட்டு இறங்கி வந்த பெண்களோடு சேர்ந்து பதினைந்து பேர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழவி ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தாள். நாலு ஐம்பத்தேழுக்கு, “ஏறிருச்சு!” என்றார் விஜய்ராஜ். யாருக்கு என்ன ஏறியது என்று புரியாத பெண்களும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். ஒச்சாண்டி எல்லாருக்கும் டீ சொன்னார். விலக்குக் கடையில் நின்று குடித்த அந்த டீயை அபிதா எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அதற்குமுன்னும் அதற்குப்பின்னும் அத்தனை சந்தோஷமாக அவள் ஒரு டீ குடித்ததில்லை.

மாரீஸ்வரிக்கு நர்சிங் கிடைத்தது. இப்போது மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறாள். ராஜாத்தி நாற்பத்தெட்டு மதிப்பெண்ணில் விலங்கியலைத் தாண்டினாள்.

வருஷங்கள் ஓடின. அபிதாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. அதே பள்ளிதான், ஆனால் வகுப்பில் தொண்ணூறு பேர். தேர்தல் வேலை, பயிற்சி வகுப்பு, தினம் ஒரு புள்ளிவிவரம், ‘உடனடி’ என்று தலைப்பிட்டு வாட்ஸப்பில் வரும் சுற்றறிக்கை. விடைத்தாளில் எழுதும் நாலு வரி இரண்டு வரியாகி, ஒரு வரியாகி, ஒருநாள் நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. காலாண்டுத் தாள்களை இப்போது மூன்றே நாளில் திருத்திவிடுகிறாள், ஜாஸ்பர் சாரைவிட ஒருநாள் முன்னால். அகமதிப்பெண்ணுக்கு அரைமணி நேரம் போதும். கணினிப் பட்டியலில் முதல் பெயருக்குப் பத்து என்று போட்டு, கீழே வரை இழுத்துவிட்டால் தொண்ணூறு பெயருக்கும் பத்து விழுந்துவிடும். மற்றப் பள்ளிகளில் போடுகிறார்களே, நம் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அந்த நியாயம் பொய்யுமில்லை. தலைமையாசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார், ‘தேதி தவறாத டீச்சர்’ என்று.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் மாலை, கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, “டீச்சர்!” என்று ஒரு குரல். அந்தக் குரலுக்கு முகம் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ராஜாத்தி. கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. பொட்டிப்புரத்தில் வாக்கப்பட்டு, போடியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறாளாம்.

“அபி, இந்த டீச்சர்தான்டி அம்மாவுக்கு நடுரோட்டுல பரீச்ச வச்சாக” என்றாள் குழந்தையிடம். குழந்தையின் பெயரைக் கேட்டதும் அபிதாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ராஜாத்திக்கு அந்தக் கஷ்டமெல்லாம் எப்போதும் கிடையாது.

“மார்க் சீட்டு இன்னும் பீரோவுலதான் இருக்கு டீச்சர். எல்லாப் பாடத்துலயும் பள்ளிக்கூடத்துல போடுற அந்த எடத்துல பத்து. உங்க பாடத்துல மட்டும் ஒம்பது. எங்க வீட்டுக்காரக கேப்பாக, இதுல மட்டும் ஏன் கொறஞ்சுச்சுன்னு.”

“வருத்தமா இருக்கா ராஜாத்தி?”

“வருத்தமா? மத்ததெல்லாம் அவுகளாக் குடுத்தது டீச்சர். இது ஒண்ணுதான் நான் வாங்குனது.” சொல்லிவிட்டு, ஒரு சந்தேகமும் இல்லாத முகத்தோடு கேட்டாள். “இப்பவும் அப்பிடித்தான டீச்சர், ஒவ்வொரு புள்ளையாக் கேட்டுக் கேட்டுத்தான போடுறீக?”

போடி பஸ் வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறி, ஜன்னல் வழியே கையாட்டினாள். குழந்தையும் ஆட்டியது. அபிதாவும் கையைத் தூக்கினாள். அவளுக்கு அழுகை வந்தது. மத்தியானம்தான் தொண்ணூறு பத்துகள் போட்ட பட்டியலை விஜய்ராஜிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு போனை எடுத்தாள்.

“சார், என் லிஸ்ட்ட ஏத்திட்டீகளா?”

“இல்ல டீச்சர், காலையில முதல் வேலையா ஏத்திருறேன்.”

“ஏத்தாதீங்க. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல?”

“இருக்கு. எத்தன பேருக்கு மாத்தணும்?”

“தெரியல சார். பிள்ளைககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்.”